மாற்று எஞ்சினும் பழைய வண்டியின் கணினியும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் தேய்ந்துபோனால் அதனைச் செப்பனிட்டு ஓட்டுதல் ஒரு முறை. அதனை அறவே நீக்கிவிட்டு வேறொரு வண்டியின் எஞ்சினை அவ்விடத்திற் பொருத்துதல் மற்றொரு முறை. பின்னது அமெரிக்க நாட்டு இளைஞர் பலர்க்கு இனிய பொழுதுபோக்காகவே அமைந்துளது. அவர் இதற்கெனப் பெரிதும் விரும்பித் தேடுவது, 1992 முதல் 1995 வரையிலான ஹோண்டா சிவிக் வண்டியாகும். அதன் எளிய வகையாகிய டி.எக்ஸ். என்பதில் 1,493 கன சென்டிமீட்டர் எஞ்சின் உண்டு. அதனை எடுத்துவிட்டு, 1989ஆம் ஆண்டில் ஜப்பானில் இன்டெக்ரா வண்டியோடு வெளிவந்த பி16ஏ என்னும் 1,595 கன சென்டிமீட்டர் எஞ்சினை வைப்பர். உரிய தாங்கிகள் கிடைப்பின் அஃது அடக்கமாக அமர்ந்துவிடும். எண்ணெயும் நீரும் வார்த்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் முழங்கும். ஆயின் சிறிது நேரத்தில் முன்பலகையில் எச்சரிக்கை விளக்கொன்று எரியத் தொடங்கும். தொல்லையின் தொடக்கம் அதுவே.

அவ்விளக்கை ஏற்றுவது எஞ்சினை ஆளும் கணினி. அக்கணினிக்குக் கண்ணுமில்லை, செவியுமில்லை. எஞ்சினின் பல இடங்களிற் பதித்துள்ள சென்சார் என்னும் உணரிகள் அனுப்பும் மின்னழுத்தமே அது காணும் உலகம். நீரின் வெப்பத்தை அறிவிக்கும் உணரியை எடுத்துக்கொள்வோம். குளிரில் மின்தடை மிகுந்தும் சூட்டிற் குறைந்தும் போவது அதன் இயல்பு. 20 பாகை சென்டிகிரேடிற் சில ஆயிரம் ஓமாக உள்ள தடை, 80 பாகையிற் சில நூறு ஓமாகச் சுருங்கும். கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தன்னகத்துள்ள ஒரு தடையின் வழியே அவ்வுணரிக்கு அனுப்பி, அக்கம்பியில் நிற்கும் அழுத்தத்தை அளந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கம்பி அறுந்துபோயின் 5 வோல்ட்டும் குறையாமல் நிற்கும். எந்த வண்டியும் காணாத கடுங்குளிர் எனக் கணினி முதலிற் கொள்ளும். உடனே அஃது இயலாதென ஐயுற்று விளக்கை ஏற்றி, 6 என்னும் குறியெண்ணை நினைவிற் பதித்துக்கொள்ளும்.

ஆகவே 6 என்பதற்கு 'உணரி கெட்டது' என்பது பொருளன்று. 'இக்கம்பி கூறுவதை நம்புதற்கில்லை' என்பதே பொருள். உணரியே கெட்டிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், செருகி சரியாக அமராதிருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதவர் கடைக்கு ஓடிப் புதிய உணரி வாங்குவர், விளக்கு அணையாது, இன்னொன்றும் வாங்குவர். நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மருந்து வாங்கும் செயலன்றோ இது!

குறியெண்ணை அறிதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பயணியின் பக்கத்தில் முன்பலகையின் அடியில் இரு முனைகளுடைய சிறு செருகி ஒன்று உண்டு. அம்முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சினை ஓட்டாமலே விளக்குக் கண்சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. ஆயினும் முதலிற் கிடைத்த எண்களை நம்பிவிடலாகாது. பொருத்தும் வேலையினிடையே செருகிகள் கழன்றிருக்கச் சாவியைத் திருப்பியதால் விளைந்த பழைய எண்களும் அவற்றுட் கலந்திருக்கும். கணினியின் நினைவைக் காக்கும் ஃபியூஸைச் சிறிது நேரம் பிடுங்கி வைத்து அவற்றை அழித்து, வண்டியைச் சற்று ஓட்டிய பின் மீண்டும் கேட்பதே தக்கது.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல எண்கள் ஒருங்கே வருமாயின், உணரிகளை மறந்து எர்த் கம்பியை நோக்குதல் வேண்டும். இவ்வண்டியிற் கணினியின் எர்த் கம்பி, எஞ்சினின் தெர்மாஸ்டாட் கூட்டில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டுள்ளது. எஞ்சினை மாற்றுவோர் பெரிதும் மறப்பது இச்சிறு போல்ட்டையே. மறவாதவரும் துருவின்மேலும் வண்ணப்பூச்சின்மேலும் முடுக்கிவிடுவர். கணினி எல்லா அழுத்தங்களையும் தன் எர்த்தைச் சுழியாகக் கொண்டே அளக்கின்றது. சுழியே அசைந்தால் அளவுகள் எவ்வாறு நிற்கும்? கம்பி கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது சான்றாகாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது கணினியின் எர்த்துக்கும் பாட்டரியின் எதிர் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் எனக் காட்டுமாயின் குற்றவாளி அகப்பட்டான்.

விளக்கு எரிவதினும் எரியாதிருத்தல் சில வேளை கொடிது. பி16ஏ எஞ்சினில், வேகம் மிகுந்தவுடன் எண்ணெயின் அழுத்தத்தால் வால்வுகளை வேறு காம்களுக்கு மாற்றும் வி-டெக் என்னும் அமைப்பு உண்டு. டி.எக்ஸ். வண்டியின் பி06 கணினியோ அதனை அறியாது. அக்கணினியையே வைத்துக்கொண்டால் விளக்கு எரியாது, வி-டெக்கும் இயங்காது, எஞ்சினுக்குரிய பெட்ரோல் அளவும் தீப்பொறிக் காலமும் கிடையா. தான் அறியாத உறுப்பைப் பற்றிக் கணினி எங்ஙனம் முறையிடும்? பி16ஏ எஞ்சினுக்குரிய பி30 கணினியை வைத்தால், பழைய கம்பித் தொகுதியில் இல்லாதவற்றை அது தேடத் தொடங்கும். வி-டெக் சொலினாய்டுக்கு 21, அதன் அழுத்த ஸ்விட்சுக்கு 22, எஞ்சினின் தட்டலைக் கேட்கும் நாக் உணரிக்கு 23 என எண்கள் வரும். அவ்வுறுப்புகள் கெட்டன எனக் கொள்ளாது, அவற்றிற்குக் கம்பி இழுத்தோமா என்று நம்மையே வினவிக்கொள்ள வேண்டும்.

வாங்கிய எஞ்சின் எவ்வாண்டினது என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1992க்கு முற்பட்ட பி16ஏயின் டிஸ்ட்ரிபியூட்டர் செருகிகள் இவ்வண்டிக்குப் பொருந்தா. கிராங்க்கின் நிலையை அறிவிக்கும் உணரிகள் அதனுள்ளேயே இருத்தலின், பிற்கால டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடுதல் எளிது. பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர்களிலோ பேரிடர் ஒன்று உண்டு. முற்பட்டவற்றின் தடை ஏறத்தாழ 2 ஓம். பிற்பட்டவற்றின் தடை ஏறத்தாழ 12 ஓம். குறைந்த தடையுடையவற்றை நேரே இணைப்பின் மின்னோட்டம் மிகுந்து கணினியின் உள்ளுறுப்புகள் கருகிவிடும். கருகிய கணினி எக்குறியெண்ணையும் சொல்லாது. ஆதலின் சாவியைத் திருப்புமுன் நான்கு இஞ்செக்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து, தடை குறைவாயின் உரிய தடைப்பெட்டியை இடையே வைத்தோ இஞ்செக்டர்களையே மாற்றியோ இணைத்தல் வேண்டும்.