நிற்கிற வண்டியின் பற்றரியைச் சாகவிடாதீர்கள்

இன்று தோட்டத்தில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. ராத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலும், லயத்தில் யாரிடம் வண்டி இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் ஓடுகிறோம். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் எப்படி இருக்கும்?

"பாஸ், போன மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப ஹோர்ன் கூட அடிக்க மாட்டேங்குது" என்று கராஜில் சொல்பவர்கள் பலர். பாஸ் பார்த்துவிட்டு, "பற்றரி செத்துப்போச்சு தம்பி, புதுசுதான் போடணும்" என்கிறார். புதுப் பற்றரி வாங்க எத்தனை நாள் பேர் போடவேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பற்றரி ஓடி ஓடிச் செத்ததா, சும்மா நின்று செத்ததா என்று நாம் கேட்பதில்லை.

சும்மா நின்றால் ஏன் சாகிறது?

பற்றரிக்குள் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் (நாம் 'அசிட்' என்று சொல்வது) இருக்கின்றன. 12 வோல்ட் பற்றரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட் தருகிறது. கரண்டை எடுக்க எடுக்க, தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் பொருள் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துபோகும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால் அது கல்லுப் போல இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பற்றரி சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

வண்டியை ஓட்டாமல் வைத்தாலும் பற்றரி தன்பாட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயிலிலும் சூட்டிலும் இன்னும் வேகமாக இறங்கும். வண்டியில் அலாரம் பூட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அலாரம் 20 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை அம்பியர் மணி போகிறது. சிறிய மோட்டார் சைக்கிளில் இருப்பது 5 அம்பியர் மணிப் பற்றரி என்றால், பத்தே நாளில் அது காலி!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோதும் நம் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. அப்படி நிற்கிற காலம்தான் பற்றரிக்குக் கண்டம்.

"நான் தினமும் கடைக்குப் போய் வர்றேனே, அப்ப சார்ஜ் ஏறாதா?" என்று கேட்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியிலிருந்து நிறையக் கரண்ட் போகிறது. அது திரும்ப ஏற, அரை மணி நேரமாவது நன்றாக ஓடவேண்டும். லயத்திலிருந்து கடை வரை ஐந்து நிமிட ஓட்டம் போதாது. நம் ஊர்ப் பழக்கம் இன்னொன்று இருக்கிறது: ஸ்டார்ட் ஆகாவிட்டால் பள்ளத்தில் உருட்டி விடுவது. வண்டி ஓடும், நோய் மறைந்திருக்கும். எரிபொருளைக் கரண்டால் செலுத்தும் புது மாதிரி வண்டிகளோ, பற்றரி அடியோடு செத்தால் உருட்டினாலும் கிளம்பாது.

பராமரிப்புச் சார்ஜர் என்றால் என்ன?

குளிர் நாடுகளில் பனி கொட்டும் மாதங்களில் மோட்டார் சைக்கிளையும், குடும்பத்தோடு சுற்றுலா போகும் வீட்டு வண்டிகளையும் கொட்டிலில் நிறுத்திவிடுவார்கள். பனி கரைந்து எடுக்கும்போது பற்றரி செத்திருக்கும். அங்கே பலர் இதற்காகப் பாவிப்பதுதான் 'மெயின்டனன்ஸ் சார்ஜர்' என்ற பராமரிப்புச் சார்ஜர்.

சாதாரண பழைய சார்ஜர் பற்றரி நிரம்பினதை அறியாது. மாட்டிவிட்டு மறந்தால் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அசிட் கொதிப்பது போல் பொங்கி, தண்ணீர் வற்றி, தகடு வளைந்துவிடும். பராமரிப்புச் சார்ஜர் அப்படியல்ல. முதலில் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி நிரப்பும். நிரம்பியதும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, குறைகிறதை மட்டும் ஈடுசெய்து நிற்கும். சட்டி நிறைந்ததும் பீலியை மூடி, வற்றும்போது ஒரு சொட்டு விடுகிற கைக்கு இது சமம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. உங்கள் பற்றரி 12 வோல்ட்டா, 6 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். சில பழைய மோட்டார் சைக்கிள்களில் 6 வோல்ட் இருக்கும்.

2. சார்ஜரின் அம்பியர், பற்றரி அம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு அளவு இருந்தால் நல்லது. 5 முதல் 9 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை முதல் 1 அம்பியர் வரை போதும். லொறிப் பற்றரிக்கு உரிய 10 அம்பியர் சார்ஜரை மோட்டார் சைக்கிளில் மாட்டவே வேண்டாம்.

3. பெட்டியில் 'மெயின்டனன்ஸ்' அல்லது 'ஃப்ளோட்' என்று போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போவது நல்லது.

4. லித்தியம் பற்றரி என்றால் அதற்கென்று தனிச் சார்ஜர் வேண்டும்.

முச்சக்கர வண்டியின் பற்றரி பெரியது. சிறிய சார்ஜரால் அதை நிரப்ப நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் கெடுதல் இல்லை.

ஒரு லயத்துக்கு ஒன்று போதும்

வீட்டுக்கு வீடு சார்ஜர் வாங்க வேண்டியதில்லை. நல்ல பற்றரிக்கு இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஒரு ராத்திரி மாட்டினால் போதும். ஒரு ராத்திரிக்கு ஒரு வண்டி என்று சுற்றுக்கு விட்டால், ஒரே சார்ஜர் 14 வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும். நலன்புரிச் சங்கத்தில் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கலாம். இப்படிச் சிறிய சார்ஜர் ஒரு ராத்திரிக்கு இழுக்கும் கரண்ட் கால் யூனிட் வரும், அவ்வளவுதான்.

மாட்டுகிற முறை

முதலில் சிவப்புக் கிளிப்பைக் கூட்டல் முனையில் மாட்டுங்கள். பிறகு கறுப்பைக் கழித்தல் முனையில் மாட்டுங்கள். கடைசியாகத்தான் சுவிச்சைப் போடவேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிச்சை நிறுத்தி, பிறகு கறுப்பு, அதன்பின் சிவப்பு. கரண்ட் போய் வந்தால் சார்ஜரின் லைட் எரிகிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

பற்றரியின் நிலையை அறிய மல்டி மீட்டர் உதவும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கவும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் நிறைவு. 12.4 என்றால் சார்ஜ் போடும் நேரம். 12 என்றால் ஏறக்குறைய காலி, அன்றைக்கே போடுங்கள். ஒரேயடியாகச் செத்த பற்றரியை எந்தப் பராமரிப்புச் சார்ஜரும் எழுப்பாது. இது நோய் வராமல் காக்கும் மருந்தே தவிர, செத்ததை எழுப்பும் மந்திரம் அல்ல.

சார்ஜர் இல்லாதவர்கள், வண்டி நாள்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், கறுப்பு வயரைக் கழற்றி வையுங்கள். அலாரம் இழுப்பது நின்றுவிடும். கிழமைக்கு ஒருதரம் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் உறுமவிடுவதால் பெரிய பயன் இல்லை.

உயிருக்கு உரிய கவனம்

சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரலாம். ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே பிள்ளைகள் தூங்கும் காம்பராவிலோ, விறகடுப்பு எரியும் குசினியிலோ சார்ஜ் போடவேண்டாம். காற்று வரும் இஸ்தோப்பில், மழைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரட் வேண்டாம்.

மூடி கழற்றும் பற்றரியில் தண்ணீர் குறைந்தால், கடையில் விற்கும் காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீரையே ஊற்றவேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அப்பச்சோடா கரைத்த தண்ணீரால், உள்ளே போகாமல் துடைத்து, கொஞ்சம் வசிலின் பூசுங்கள். அசிட் கண்ணில் தெறித்தால் கசக்காமல், நிறையத் தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செத்த பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கவோ உருக்கவோ வேண்டாம். ஈயப் புகையும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புதுப் பற்றரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மாடு வைத்திருப்பவர் அது பால் தராத நாளிலும் புல் அறுத்துப் போடுகிறார். வண்டிக்கும் அப்படித்தான். ஓடாத நாளிலும் பற்றரிக்குத் தீனி வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ராத்திரி யார் வீட்டில் அவசரம் வந்தாலும், லயத்தில் ஒரு வண்டியாவது உடனே கிளம்பவேண்டும்.