பெயரில் மட்டும் முந்திரி!

எங்க பேச்சிப்பாறையில் மலைச்சரிவெல்லாம் ரப்பர். வீட்டுத் தோட்டத்தில் கொல்லாமரம், அதாவது முந்திரி. இரண்டுக்கும் பூர்வீகம் பிரேசில்! அந்நாட்டு விருந்துகளில் 'கஜுசின்யோ' என்றொரு இனிப்பு. உருவம் முந்திரிப்பழம், உள்ளே வேர்க்கடலை! நம்ம முந்திரிக்கொத்திலும் முந்திரி கிடையாது. குலைபோல் ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

2 கப் சிறுபயறை வாசம் வர வறுத்துப் பொடியுங்கள். 1 கப் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, ஏலம், சுக்குடன் சேர்க்கவும். 1½ கப் கருப்பட்டியை வடிகட்டி, கம்பிப் பாகாக்கிச் சூட்டோடு ஊற்றி உருட்டுங்கள். ஆறியதும், உப்பும் மஞ்சளும் கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கி எண்ணெயில் பொரித்தெடுங்கள்.

கல்யாணச் சீருக்குச் செய்கிறீர்களா? தேங்காயில் ஈரம் நின்றால் நாலே நாளில் பூசணம். சம்பந்தி வீட்டில் மானம் போகும்! பதம் சரியானால் பத்து நாள் தாராளமாய்த் தாங்கும்.