பாடத்திற்கேற்ற கார்

மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். ஒரே சாலை, ஒரே லாரி, ஒரே ஓட்டுநர். ஆயினும் பாரம் ஏற்றிச் செல்லும்போது ஒரு வளைவு ஒருவிதமாகவும், வெறும் வண்டியாகத் திரும்பும்போது வேறுவிதமாகவும் தோன்றும். குமுளியிலிருந்து வண்டிப்பெரியார், பீர்மேடு வழியாக முண்டக்கயத்திற்கு இறங்கும் சாலையில் இதை நாள்தோறும் காணலாம். வண்டியின் நிலை மாறினால் ஓட்டும் முறையும் மாறியாக வேண்டும். மோட்டார் பந்தயப் பயிற்சிக்கும் இதுவே அடிப்படை.

தமிழர்களுக்குப் பந்தய ஓட்டம் புதிதன்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல்லாண்டுகள் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடத்தினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. கோயமுத்தூருக்கு அருகில் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய பாதை ஒன்று உண்டு. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆனால், தேயிலைத் தோட்டங்களை நம்பி மலையேறி வந்த நம்மவர்களின் பிள்ளைகளுக்கு இப்பாதைகள் எட்டாத் தொலைவில் இருக்கின்றன. வழிச்செலவு, கார் வாடகை, டயர், பெட்ரோல் என்று ஒரு நாள் பயிற்சிக்கே பெருந்தொகை வேண்டும்.

இக்குறையை ஓரளவு தீர்ப்பது சிமுலேட்டர் என்னும் பாவனைக் கருவி. விமானம் ஓட்டப் பயில்வோருக்காக எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929-இல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். தம் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத் தயாரிப்பில் பயன்பட்ட துருத்திகளைக் கொண்டே அதை அசையவைத்தார். இன்றோ ஒரு கணினி, ஒரு ஸ்டியரிங் சக்கரம், இரண்டு மூன்று மிதிகள் இருந்தால் வீட்டு அறையிலேயே பந்தயப் பாதையில் ஓட்டிப் பழகலாம்.

இக்கருவியில் காரின் ஒவ்வோர் உறுப்பையும் விருப்பம்போல் மாற்றியமைக்கலாம். ஸ்பிரிங்கின் இறுக்கம், பின் இறக்கையின் சாய்வு, பிரேக்கின் முன்பின் பங்கீடு, டயரின் காற்றழுத்தம், எரிபொருளின் அளவு ஆகிய இவற்றின் சேர்க்கையையே காரின் அமைப்பு என்கிறோம். அவ்வாறாயின், பயில்பவர் எந்த அமைப்பைத் தேர்ந்துகொள்வது? மிக வேகமாக ஓடும் அமைப்பையே கொள்ளலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. பந்தயத்திற்கு உரிய கார் வேறு. பாடத்திற்கு உரிய கார் வேறு. பயில்பவரின் பிழையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் காரே பாடத்திற்கு உரியது.

முதற்பாடம், வளைவில் செல்லவேண்டிய தடத்தை அறிவது. இதற்கு ஆற்றல் குறைந்த, நிலைதவறாத கார் வேண்டும். பின் இறக்கையைச் சற்று உயர்த்தியும், முன்புறச் சாய்வுத்தடுப்புத் தண்டைச் சற்று இறுக்கியும் வைத்தால், எல்லை மீறும்போது முன்சக்கரங்களே முதலில் வழுக்கும்; கார் வளைவின் வெளிப்புறம் ஒதுங்குமேயன்றிச் சுழலாது. பயில்பவர் அச்சமின்றித் தடத்தில் கருத்தைச் செலுத்தலாம். இறக்கையின் பயன் வேகமான வளைவுகளில்தான் தெரியும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

இரண்டாம் பாடம் பிரேக். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனத்தை இப்போது நிறுத்திவிடவேண்டும்; அது வேலை செய்யும்வரை கால் செய்யும் பிழை தெரியாது. பிரேக்கின் பங்கீட்டை முதலில் முன்சக்கரங்களின் பக்கம் சற்று மிகுதியாக வைக்கலாம். அப்போது அழுத்தம் மிஞ்சினால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் நேராகவே செல்லும். உறுதியாக மிதித்து, வளைவில் நுழைகையில் சிறிது சிறிதாகத் தளர்த்தும் பழக்கம் வந்தபின், பங்கீட்டைப் படிப்படியாகப் பின்னோக்கி நகர்த்தலாம். கார் வளைவுக்குள் எளிதில் திரும்பும். ஆனால் அவசரக் காலை உடனே தண்டிக்கும்.

மூன்றாம் பாடம், வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது. பின்சக்கரங்களால் இயங்கும் காரை எடுத்துக்கொண்டு, சக்கரம் வழுக்காமல் காக்கும் சாதனத்தை நிறுத்தி, பின்புறத் தண்டை ஒரு படி இறுக்கினால், முரட்டுக் காலுக்குப் பின்பகுதி விலகி ஓடும். இந்த எச்சரிக்கையே இங்கு ஆசிரியர்.

நான்காம் பாடம் நிதானம். தொட்டியை நிரப்பி இருபது சுற்றுகள் ஓட்டவேண்டும். 40 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 30 கிலோ எடை. அது குறையக் குறையக் கார் இலகுவாகும், டயரோ தேயும். பாரவண்டி ஓட்டுநர் மலையில் அறிந்ததை மாணவர் இங்கே அறிகிறார்.

எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். ஒருவர் ஓட்டிய பத்துச் சுற்றுகளில் மிக விரைவானதற்கும் மிக மெதுவானதற்கும் 3 வினாடி வேறுபாடு இருக்கிறது எனக் கொள்வோம். அமைப்பின் ஒரு மாற்றம் 0.2 வினாடியே தருமாயின், அந்த நன்மையை அவர் எவ்வாறு கண்டறிவார்? அது கையின் தடுமாற்றத்தில் மறைந்துவிடும். ஆகவே முதலில் அந்த இடைவெளியைக் குறைக்கவேண்டும். அதன்பின் பத்துச் சுற்றுகள் பழைய அமைப்பில், பத்துச் சுற்றுகள் புதிய அமைப்பில், மீண்டும் பத்துச் சுற்றுகள் பழைய அமைப்பில் ஓட்டி, நேரங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து ஒப்பிடவேண்டும். இருக்கையும் மிதிகளும் நாள்தோறும் ஒரே இடத்தில் இருத்தல் அவசியம். இவ்வொழுங்கு இல்லாதவர், தம் பிழையைக் காரின் அமைப்பால் மூடிமறைத்து, அதையே பழக்கமாக்கிக்கொள்வார். பல மாதப் பழக்கத்தை உண்மைப் பாதையில் ஒரே நாளில் மாற்ற முடியாது. அந்த ஒரு நாளுக்காகக் குடும்பம் சேர்த்த பணமும் வீணாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அறையில் கார் கவிழ்ந்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். பீர்மேட்டு மலைச்சாலையில் அத்தகைய பொத்தான் இல்லை. அங்கே எதிரே வருவது தோட்டத் தொழிலாளர் ஏறிய ஜீப்பாக இருக்கலாம். பள்ளிப்பிள்ளைகளின் பஸ்ஸாக இருக்கலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்னும் பழைய ஓட்டுநர் மொழியே அங்கு ஏற்ற பாடம். விரைவைப் பந்தயப் பாதைக்கு வைத்துக்கொண்டு, சிமுலேட்டர் கற்பிக்கும் கவனத்தை மட்டும் சாலைக்கு எடுத்துச் செல்வோமாக.