75 சதவீத வருகைப்பதிவு: கணக்கு எப்படி, விலக்கு யாருக்கு, விடுப்புக் கடிதம் ஏன் முக்கியம்?

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) 10 மற்றும் 12-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வுகளை எழுதுவதற்கு 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். இந்த விதி புதியதல்ல. வாரியத்தின் தேர்வு விதிமுறைகளில் நெடுங்காலமாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால், அதை நடைமுறைப்படுத்தும் விதம் 2024-ஆம் ஆண்டு முதல் வெகுவாக மாறியுள்ளது.

தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துக் குறையைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணும் பெற்றோர் பலர் உண்டு. அந்த வழி இப்போது பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்டது. மாணவர் ஏன் வரவில்லை என்பதோடு, அது எப்போது பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதையும் வாரியம் கேட்கிறது.

அதே நேரத்தில், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் வருகைக் குறைவைச் சட்டம் முற்றிலும் வேறு விதமாக அணுகுகிறது. அந்த வயதில் பள்ளிக்கு வராத குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டிய கடமை அரசுக்கும் பள்ளிக்கும் உரியது. இவ்விரு அணுகுமுறைகளையும் தனித்தனியே புரிந்துகொள்வது அவசியம்.

கணக்கு எந்த நாள் வரை?

10 அல்லது 12-ஆம் வகுப்பு தொடங்கும் நாள் முதல், பொதுத் தேர்வு தொடங்கும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் முதல் நாள் வரை நடைபெறும் பள்ளி வேலைநாள்களே கணக்கில் கொள்ளப்படுகின்றன. பொதுத் தேர்வுகள் பிப்ரவரியில் தொடங்குவதால், ஜனவரி 1 வரையிலான வருகையே மாணவரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. 12-ஆம் வகுப்பில் செய்முறை உள்ள பாடங்களை எடுத்தவர்கள், அந்தப் பாடத்தின் ஆய்வக வகுப்புகளிலும் 75 சதவீத வருகை வைத்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பள்ளி ஜனவரி 1-க்குள் 180 நாள்கள் இயங்கியிருப்பதாகக் கொள்வோம். அதில் 75 சதவீதம் என்பது 135 நாள்கள். அதாவது, ஒரு மாணவர் அதிகபட்சமாக 45 நாள்கள் வராமல் இருக்கலாம். பார்ப்பதற்கு இது தாராளமான எண்ணிக்கையாகத் தோன்றும். ஆனால், கோடை விடுமுறை நீங்கலாக ஏறத்தாழ எட்டு மாதங்கள் மட்டுமே பள்ளி நடக்கும் அந்தக் காலத்தில், மாதத்துக்கு ஆறு நாள்கள் வராவிட்டாலே மொத்தம் 48 நாள்களாகி வரம்பைத் தாண்டிவிடும்.

மீதமுள்ள 25 சதவீதத்தை விருப்பம்போல் எடுத்துக்கொள்ளும் விடுமுறையாகக் கருதக் கூடாது என்பதும் வாரியத்தின் நிலைப்பாடு. மருத்துவ நெருக்கடி, தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்பு போன்ற தக்க காரணங்களுக்காகவே அந்தத் தளர்வு அளிக்கப்படுகிறது.

குறைந்தால் யாருக்கு விலக்கு?

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே, ஆனால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், பற்றாக்குறையை மன்னிக்கும் அதிகாரம் வாரியத் தலைவருக்கு உண்டு. நீண்டநாள் நோய், தாய் அல்லது தந்தையின் மரணம், அதற்கு நிகரான கடுமையான சூழ்நிலை ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். பள்ளிகளுக்கு இடையிலான அளவுக்குக் குறையாத அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகள், தேசிய மாணவர் படை மற்றும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் ஆகியவற்றில் பங்கேற்ற நாள்களும், அவற்றுக்கான பயண நாள்களும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 60 சதவீதம் என்பது 108 நாள்கள். அதற்கும் கீழே சென்றால், புற்றுநோய், காசநோய் போன்று நீண்டகால மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படும் கடுமையான நோய்களுக்கு மட்டுமே, அதுவும் அரிதாகவே, விலக்கு கிடைக்கும். குடும்ப நிகழ்ச்சிகள், நீண்ட பயணங்கள், தனிப்பயிற்சி வகுப்புகள் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

மாணவர் நேரடியாக வாரியத்தை அணுக முடியாது. பள்ளி முதல்வர் தமது பரிந்துரையுடன், அல்லது பரிந்துரைக்காததற்கான காரணத்துடன், மண்டல அலுவலகத்துக்கு விவரங்களை அனுப்ப வேண்டும். 2024 அக்டோபரில் வெளியிடப்பட்ட நடைமுறையின்படி, இவை ஜனவரி 7-க்குள் சென்று சேர வேண்டும். அதன் பின்னர் வரும் கோரிக்கைகள் ஏற்கப்படுவதில்லை. மருத்துவக் காரணம் என்றால் அரசு மருத்துவரின் சான்றிதழும் சிகிச்சை ஆவணங்களும், பெற்றோரின் மரணம் என்றால் இறப்புச் சான்றிதழும், விளையாட்டு என்றால் உரிய விளையாட்டு அமைப்பின் கடிதமும் இணைக்கப்பட வேண்டும்.

விடுப்புக் கடிதம் ஏன் முக்கியம்?

2025 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் வாரியம் விடுத்த அறிவிப்பு இதனை மேலும் தெளிவாக்கியது. மருத்துவ அவசரம் என்றால், விடுப்பு முடிந்த உடனேயே ஆவணங்களுடன் விண்ணப்பம் தர வேண்டும். பிற காரணங்கள் என்றால், தக்க விளக்கத்துடன் எழுத்து மூலம் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தத் தகவலும் இன்றிப் பள்ளிக்கு வராத மாணவர், வகுப்புக்கே வராமல் பெயரளவில் பதிவு செய்யப்பட்டவராகக் கருதப்படக்கூடும்.

பள்ளிகளுக்கும் கடமைகள் வகுக்கப்பட்டுள்ளன. வருகைப் பதிவேடு அன்றாடம் நிரப்பப்பட்டு, வகுப்பாசிரியரும் பள்ளியின் பொறுப்பு அதிகாரியும் கையொப்பமிட வேண்டும். அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவரின் பெற்றோருக்குப் பதிவு அஞ்சல், விரைவு அஞ்சல் அல்லது மின்னஞ்சல் மூலம் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அதற்கான சான்றையும் பாதுகாக்க வேண்டும். வாரியக் குழு முன்னறிவிப்பின்றி வந்து சோதிக்கும்போது பதிவேடுகள் முறையாக இல்லையெனில், பள்ளியின் இணைப்பு ரத்தாகும் வாய்ப்புண்டு.

இதன் விளைவை ஒரே நோயால் பாதிக்கப்பட்ட இரு மாணவர்களை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இருவருமே மூன்று வாரங்கள் டெங்கு காய்ச்சலால் வரவில்லை. ஒருவரின் பெற்றோர் அந்த வாரமே பள்ளிக்கு எழுதி, குணமானதும் சிகிச்சை ஆவணங்களையும் ஒப்படைத்துவிட்டனர். மற்றவரின் பெற்றோர் தொலைபேசியில் சொன்னதோடு சரி. பின்னர் வேறு காரணங்களால் இருவரின் வருகையும் 70 சதவீதத்துக்குச் சரிந்தால், முதலாமவருக்காகப் பள்ளி முன்வைப்பதற்குச் சான்று இருக்கும். இரண்டாமவருக்கு உண்மையான நோயே வந்திருந்தாலும் அதை நிறுவுவது கடினம்.

இத்தனை கண்டிப்பு எதற்காக?

நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்கள் ஒரு பள்ளியில் பெயரை மட்டும் பதிவு செய்துவிட்டு, நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருப்பது பல நகரங்களில் வழக்கமாகிவிட்டது. பெயரளவில் இயங்கும் இத்தகைய பள்ளிகள் 'டம்மி' பள்ளிகள் எனப்படுகின்றன. மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டைப் பெறும் நோக்கமும் இதன் பின்னணியில் உண்டு. 11, 12-ஆம் வகுப்புகளைத் தில்லியில் படித்தவர்களுக்கு அங்குள்ள கல்லூரிகளில் ஒதுக்கீடு இருப்பதால், வேறு மாநிலத்தவர் தில்லிப் பள்ளிகளில் பெயரைப் பதிவு செய்வது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

2024 செப்டம்பரில் ராஜஸ்தான் மற்றும் தில்லியில் 27 பள்ளிகளில் வாரியம் திடீர்ச் சோதனை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக, நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பு ரத்து செய்யப்பட்டது. அவற்றில் 16 தில்லியிலும், 5 ராஜஸ்தானிலும் உள்ளவை. மேலும் 6 பள்ளிகள் மேல்நிலையிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளாகத் தரம் குறைக்கப்பட்டன. டிசம்பரில் தில்லி, பெங்களூரு, பாட்னா, பிலாஸ்பூர், வாராணசி, அகமதாபாத் ஆகிய நகரங்களில் 29 பள்ளிகள் சோதனைக்குள்ளாயின.

இதற்கு முன்பே, 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதல்கள், பள்ளி நேரத்தில் பயிற்சி வகுப்புகளை நடத்தக் கூடாது என்று அறிவுறுத்தியிருந்தன. பள்ளி வருகை பாதிக்கப்படக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அனுமதி மறுக்கப்பட்டால் என்ன ஆகும்?

வருகைக் குறைவு மன்னிக்கப்படாவிட்டால், அந்த ஆண்டு பொதுத் தேர்வை எழுத முடியாது. வகுப்புக்கு வராத மாணவருக்கு அகமதிப்பீட்டை நேர்மையாகச் செய்ய இயலாது என்பதால், அங்கும் சிக்கல் எழும். அகமதிப்பீடு இல்லாதவர்களின் தேர்வு முடிவு வெளியிடப்படாது என்று 2025 செப்டம்பரில் வாரியம் தெளிவுபடுத்தியது.

நாள்தோறும் பள்ளிக்குச் செல்ல இயலாதவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற சட்டபூர்வ மாற்று வழி உள்ளது. வகுப்புக்கு வராதவர்கள் அந்த நிறுவனத்தின் தேர்வை எழுதலாம் என்று சிபிஎஸ்இ அதிகாரிகள் 2025 மார்ச்சில் குறிப்பிட்டனர். முழுநேரப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள், பெயரளவுப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தி இறுதியில் அனுமதிச் சீட்டை இழப்பதைவிட, இந்த வழியை முன்கூட்டியே பரிசீலிப்பது பாதுகாப்பானது.

14 வயது வரை: பெயரை நீக்க முடியாது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது மட்டுமன்றி, அது தொடர்ந்து வருவதையும் தொடக்கக் கல்வியை முடிப்பதையும் உறுதிசெய்யும் பொறுப்பை இச்சட்டம் அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அளிக்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துக் குழந்தையின் வருகை பற்றித் தெரிவிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. விடுப்பு எடுத்த குழந்தையை அடிப்பதும், மனம் புண்படுமாறு நடத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளித்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தனது பள்ளிகளுக்கு அதனை நடைமுறைப்படுத்தியது. ஆயினும், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற விதி அப்படியே நீடிக்கிறது.

இந்த விதி நடைமுறையில் எவ்வளவு நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதைப் பீகார் காட்டியது. அங்கு 2023-இல், தொடர்ந்து வராத மாணவர்களின் பெயர்களை அரசுப் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து நீக்கும் நடவடிக்கையில், சில மாதங்களுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. அரசின் நிதியுதவியைப் பெறுவதற்காக இரு பள்ளிகளில் பதிவு செய்திருப்போரைக் கண்டறிவதே நோக்கம் என்று விளக்கமளிக்கப்பட்டது. இரட்டைப் பதிவைக் களைவது நியாயமானதே. ஆனால், வேலை தேடிச் சென்ற பெற்றோருடன் ஊரை விட்டுப் போன குழந்தையும், தனியார் பள்ளியில் படித்துக்கொண்டே அரசு உதவி பெற்ற குழந்தையும் பதிவேட்டில் ஒன்று போலவே 'வரவில்லை' என்று இருப்பார்கள். வீட்டுக்குச் சென்று விசாரிக்காமல் இருவரையும் பிரித்தறிய முடியாது.

வராததற்கான காரணங்கள்

ஊரகப் பள்ளிகளை ஆராயும் வருடாந்திரக் கல்வி நிலை அறிக்கையின்படி, குழுவினர் நேரில் சென்ற நாளில் தொடக்க வகுப்புகள் உள்ள அரசுப் பள்ளிகளில் சராசரி மாணவர் வருகை 2018-இல் 72.4 சதவீதமாக இருந்தது. 2024-இல் அது 75.9 சதவீதமாக உயர்ந்தது. முன்னேற்றம் உண்டு என்றாலும், பதிவேட்டில் பெயர் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அன்று வகுப்பில் இல்லை என்பதே இதன் பொருள்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்கள் அக்டோபர், நவம்பரில் கிளம்பினால் ஊர் திரும்புவதற்கு மார்ச் அல்லது ஏப்ரல் ஆகிவிடும். ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குச் செல்வோரின் நிலையும் இதுவே. இத்தகைய குழந்தைகளை ஊரிலேயே தங்கவைத்துப் படிக்கச்செய்யும் பருவகால விடுதிகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வழியுண்டு. குடும்பத்துடன் செல்லும் குழந்தைக்கு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளியில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் கூறுகிறது.

தொலைவு, கழிப்பறை இன்மை, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆகியவை சிறுமியரின் வருகையைப் பெரிதும் பாதிக்கின்றன. பீகார் 2006-இல் தொடங்கிய மாணவியருக்கான மிதிவண்டித் திட்டம், இவற்றுள் தொலைவு என்ற ஒரே தடையைக் குறிவைத்தது. தண்டனையைவிட, தடை எதுவென்று அறிந்து அதை நீக்குவதே பலன் தருகிறது என்பதற்கு அது சான்றாகக் குறிப்பிடப்படுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• விடுப்பு ஒரு நாளாக இருந்தாலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் நகலையோ மின்னஞ்சலையோ பாதுகாத்து வையுங்கள்.

• நோய் என்றால் மருத்துவரின் சீட்டு, பரிசோதனை முடிவுகள், மருத்துவமனைச் சுருக்க அறிக்கை ஆகியவற்றை உடனடியாகப் பள்ளியில் ஒப்படையுங்கள்.

• 10 மற்றும் 12-ஆம் வகுப்பு மாணவர்களின் வருகைச் சதவீதத்தை மாதந்தோறும் வகுப்பாசிரியரிடம் கேட்டறியுங்கள். அக்டோபரில் தெரிந்தால் ஈடுசெய்ய நாள்கள் இருக்கும். டிசம்பர் இறுதியில் தெரிந்தால் இராது.

• 75 சதவீதத்துக்குக் குறையும் நிலை இருந்தால், ஜனவரி 7-க்கு முன்பே ஆவணங்களுடன் பள்ளி முதல்வரைச் சந்தியுங்கள்.

• மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் பொருந்தும். அவற்றைப் பள்ளியிலேயே கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

• குழந்தை காரணம் சொல்லாமல் பள்ளிக்குச் செல்ல மறுத்தால், கண்டிக்கும் முன் காரணத்தை விசாரியுங்கள். பாடம் புரியாமை, சக மாணவரின் தொல்லை, ஆசிரியர் மீதான அச்சம் ஆகியவை பல வேளைகளில் வயிற்றுவலி, தலைவலி என்ற பெயரிலேயே வெளிப்படுகின்றன.