நான்கு சொற்களில் ஒரு நூல்



படித்து மகிழ்ந்த ஒரு நூலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவது எளிது. நான்கைந்து சொற்களில் உரைப்பதோ அரிது. அவ்வருமையை நான் உணர்ந்தது என் பிழை ஒன்றினால்.

டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இயற்றிய 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' என்னும் மாயக்கதை, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டது. அதன் சாரம் யாது என்று ஒரு மாணவன் என்னை வினவினான். "சிறியவன் ஒருவன் தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்தான்" என்றேன். நூலை அண்மையில்தான் படித்து முடித்திருந்த அவன் தங்கை, "அவன் எறியவில்லையே, ஐயா!" என்றாள்.

நான் நாணினேன். அவள் கூறியதே உண்மை. எரிமலையின் விளிம்பு வரை மோதிரத்தைச் சுமந்து சென்ற ஃபிரோடோ, இறுதி நேரத்தில் அதனைத் துறக்க மாட்டாமல், தனதே என்று உரிமை கொண்டாடுகிறான். மோதிரப் பித்துப் பிடித்துப் பின்தொடர்ந்து வந்த கோல்லம், அதனை அவன் விரலோடு கடித்துப் பறித்து, களிப்பில் கால் தவறித் தீயில் வீழ்கிறான். முன்னரே கொல்லப்பட்டிருக்கக்கூடிய கோல்லத்தை உயிரோடு விட்டுவைத்தது பிறர் காட்டிய இரக்கமே. ஆகவே என் விடையைத் திருத்தினேன்: "வலிமை தோற்றது, இரக்கம் காத்தது."

முதல் விடை நிகழ்ச்சியைச் சொல்ல முயன்று, அதிலும் தவறியது. இரண்டாவது விடை காரணத்தைச் சொன்னது. "நன்மை வென்றது" என்றும் கூறியிருக்கலாம்; அது பொய்யன்று. ஆயினும் எல்லோருக்கும் பொருந்தும் சட்டை எவருக்கும் அளவெடுத்துத் தைத்ததாகாது. ஆயிரம் கதைகளுக்குப் பொருந்தும் சொல் இந்தக் கதையைக் காட்டாது.

இன்னும் இரண்டு நூல்களைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸின் விந்தையுலகக் கதையை, "கேள்வியுள்ள சிறுமி, விடையில்லாத உலகம்" என்பேன். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்டது 'ஏ விசார்ட் ஆப் எர்த்சீ'. அதில் மந்திரம் பயிலும் கெட் என்னும் இளைஞன், செருக்கினால் ஒரு நிழலைக் கட்டவிழ்த்துவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. பின்னர் அவன் அதனைத் துரத்துகிறான். முடிவில் தன் பெயராலேயே அதனை அழைக்கிறான். "அஞ்சி ஓடினான், திரும்பினான், தன்னைக் கண்டான்."

ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது ஆற்றல் உண்டு என்பது அக்கதையுலகின் விதி. நூலுக்கும் அவ்விதியே பொருந்தும் என்பது என் கருத்து. நீங்கள் விரும்பும் கதையொன்றை இன்றிரவு ஐந்து சொற்களில் எழுதிப் பாருங்கள். பின்னர், அந்நூலைப் படித்த நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் "இல்லையே!" என்று மறுத்தால் வருந்தற்க, நூலை மீண்டும் திறவுங்கள்.