வேலை தரும் பட்டப்படிப்பு எது? சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "ஹஜ்ரத், எந்த கோர்ஸ்ல சேர்த்தா பிள்ளைக்கு உடனே வேலை கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. தந்தை வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. அதனால்தான் பி.காம்., பி.சி.ஏ., கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்குப் போட்டி அதிகமாக இருக்கிறது.

இந்தத் தேவையைப் பார்த்துப் புதுப்புதுப் பெயர்களில் பட்டங்கள் வந்துள்ளன. 2014ல் யு.ஜி.சி., பி.வொக். என்ற தொழிற்பட்டத்தைக் கொண்டு வந்தது. ஓராண்டு முடித்தால் டிப்ளமோ, இரண்டாண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டத்தின் பெயரில் தொழில் இருப்பதால் மட்டும் வேலை வந்துவிடாது.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரரின் மகன், கவர்ச்சியான பெயர் கொண்ட ஒரு படிப்பை முடித்தார். அரசுப் பணித் தேர்விலும் தேறினார். சான்றிதழ் சரிபார்ப்பில், "கேட்கப்பட்ட பட்டத்திற்கு இது இணையானது அல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று வருட உழைப்பு! எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையல்ல என்று தமிழக உயர்கல்வித்துறை அரசாணைகள் வெளியிடுகிறது என்பது அந்தக் குடும்பத்திற்கு அப்போதுதான் தெரிந்தது.

எனவே அட்மிஷனுக்கு முன் நாம் கேட்க வேண்டியவை:

1. இந்தப் பட்டம் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் இணையாக ஏற்கப்படுமா? அரசாணை உண்டா?

2. கடந்த வருடம் முடித்தவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள்? விளம்பரப் பலகையை நம்பாமல் பழைய மாணவர்கள் நான்கு பேரிடம் பேசுங்கள்.

3. கம்பெனியிலோ தொழிற்கூடத்திலோ நேரடிப் பயிற்சி எத்தனை மாதம்?

பி.ஏ. படித்தால் வீண் என்று நினைப்பதும் தவறு. நாமும் மதரஸாவில் ஓதி முடித்துக் கலைப் பட்டம் பெற்றவர்கள்தான். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குறை பட்டத்தில் இல்லை. அதோடு வேறெதையும் சேர்த்துக் கொள்ளாததில்தான். பிழையின்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம், எக்செல், டேலி, டைப்பிங், தயங்காமல் பேசும் பழக்கம் ஆகியவற்றைப் படிக்கும்போதே கற்றுக்கொள்ளலாம். 2022ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிகளிலேயே திறன் பயிற்சி தரப்படுகிறது. பட்டம் பெற்றபின் உதவித்தொகையுடன் தொழில்பழகுநர் பயிற்சிக்கும் வழி உண்டு. கலை, அறிவியல் பட்டதாரிகளும் இதில் சேரலாம். சென்னை தரமணியில் இதற்கான தென்மண்டல வாரியம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த கோர்ஸ் என்பதற்காக நம் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு எதில் நாட்டம் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். விசாரித்து, மஷூரா செய்து முடிவெடுத்தால், இன்ஷா அல்லாஹ், படிப்பும் வீணாகாது, உழைப்பும் வீணாகாது.