களிமண் பலகையில் ஒரு கணினி வைரஸ்

1992இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்னோ கிராஷ்’ நாவலில் விசித்திரமான ஒரு வைரஸ் வருகிறது. அது கணினியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. திரையில் அதைப் பார்க்கும் நிரலாளரின் மூளையையும் முடக்கிப் போடுகிறது. அதன் மூலத்தைத் தேடிப் புறப்படும் நாயகன் கடைசியில் வந்து சேரும் இடம், இன்றைய தெற்கு ஈராக்கில் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த சுமேரியா. நாவலை எழுதியவர் நீல் ஸ்டீஃபன்சன்.

‘சைபர்பங்க்’ என்ற பெயர் புரூஸ் பெத்கேயின் சிறுகதைத் தலைப்பாக 1983இல் அச்சேறியது. அடுத்த ஆண்டே வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ வந்து அந்த வகைக்கு ஓர் உருவம் கொடுத்தது. அரசுகள் வலுவிழந்து பெருநிறுவனங்கள் ஆட்சி செய்யும் உலகம், உடலுக்குள் நுழைந்துவிட்ட இயந்திரங்கள், திருட்டுத்தனமாகத் தகவல் கடத்திப் பிழைக்கும் ஹேக்கர்கள் என்று அதன் இலக்கணம் விரைவிலேயே உறுதிப்பட்டது. தெய்வங்களும் இந்த உலகுக்குப் புதியவர்கள் அல்லர். கிப்சன் 1986இல் எழுதிய ‘கவுண்ட் ஜீரோ’வில் ஹைட்டி நாட்டின் வூடூ தெய்வங்கள் கணினி வலையில் உலவுகின்றன. ஆனால் அவை வலைக்குள் தோன்றும் தெய்வங்கள் மட்டுமே. ஸ்டீஃபன்சன் ஒரு படி மேலே போய், பழைய மதத்தையே ஒரு கணினி அமைப்பாக விளக்கப் பார்த்தார்.

அவருடைய நாயகன் ஹிரோ புரோட்டாகனிஸ்ட் ஒரு ஹேக்கர். வயிற்றுப்பாட்டுக்கு மாஃபியா நடத்தும் கடைக்காகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன். ஒய்.டி. என்ற பதினைந்து வயதுப் பெண் சறுக்குப் பலகையில் பறந்து கூரியர் வேலை பார்க்கிறாள். இவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நுழையும் மாய உலகத்துக்கு ஸ்டீஃபன்சன் வைத்த பெயர் ‘மெட்டாவர்ஸ்’. 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை ‘மெட்டா’ என்று மாற்றிக்கொண்டதன் பின்னணியில் இருப்பதும் இந்தச் சொல்தான். நாவலின் தலைப்பும் கணினி அனுபவத்திலிருந்து வந்ததே. பழைய மெக்கின்டாஷ் கணினி செயலிழக்கும்போது, ஒளிபரப்பு கிடைக்காத தொலைக்காட்சியைப் போலத் திரை முழுக்கப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அந்தக் காட்சியிலிருந்து இந்தப் பெயர் பிறந்ததாக ஸ்டீஃபன்சன் பின்னாளில் எழுதினார்.

நாவல் முன்வைக்கும் சுமேரியக் கற்பனையைச் சுருக்கினால் இப்படி வரும். சுமேரிய மொழி சாதாரண மொழி அல்ல. மூளையின் அடித்தளத்தில் நேரடியாக இயங்கும் கட்டளை மொழி. ரொட்டி சுடுவதிலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவது வரை எல்லாமே கோயில் பூசாரிகள் வழங்கும் ‘மெ’ என்ற ஆணைகளால் நடந்தன. மக்கள் யோசிக்கவில்லை, நிரலை இயக்கினார்கள். இந்த நிலையை உடைக்க எங்கி என்ற தெய்வம் (நாவலில் அவர் ஒரு கைதேர்ந்த ஹேக்கர்) ஒரு ‘நம்ஷுப்’ இயற்றினார். அதைக் கேட்டவர்களுக்குச் சுமேரிய மொழி புரியாமல் போயிற்று. மொழிகள் பலவாகப் பிரிந்தன. பைபிள் சொல்லும் பாபேல் கோபுரக் கதையின் மெய்ப்பொருள் இதுதான் என்கிறது நாவல். எல். பாப் ரைஃப் என்ற கேபிள் நிறுவன முதலாளி அந்தப் பழைய கட்டளை மொழியைத் தோண்டியெடுத்து மீண்டும் மனிதர்களை அடக்கப் பார்க்கிறான். அவனுடைய ஆட்கள் சிலரின் மண்டையிலேயே ஆன்டெனா பொருத்தப்பட்டிருக்கிறது. இறுதியில் எங்கியின் நம்ஷுப் பொறித்த பலகையே மருந்தாகிறது.

இதில் எவ்வளவு சரக்கு உண்மையில் சுமேரியாவிலிருந்து வந்தது? எதிர்பார்ப்பதைவிட அதிகம். எங்கி நன்னீரின் தெய்வம். அறிவும் தந்திரமும் உடையவர். அவருடைய ஊர் எரிது. சுமேரிய அரசர் பட்டியலின்படி அரசாட்சி முதன்முதலில் இறங்கிய நகரம் அது. அங்கே 1940களில் நடந்த அகழாய்வில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட கோயில்களின் அடுக்குகள் வெளிப்பட்டன. ‘மெ’ என்பதும் உண்மையான சுமேரியக் கருத்துதான். ‘இனன்னாவும் எங்கியும்’ என்ற இலக்கியத்தில் இனன்னா தேவி எரிதுவுக்கு வந்து எங்கியோடு மது அருந்துகிறாள். போதையில் எங்கி ‘மெ’க்களை ஒவ்வொன்றாக அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். தெளிந்ததும் பதறி, அவற்றை மீட்க ஆள் அனுப்புகிறார்; ஆனாலும் அவள் படகில் உருக் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பட்டியலில் அரசுரிமை, எழுத்தர் கலை, தச்சு வேலை, இசை ஆகியவற்றோடு பொய்யும் சண்டையும் புலம்பலும்கூட இடம்பெறுகின்றன. நாகரிகத்தை இப்படிக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளாகக் கண்டவர்கள் சுமேரியர்களே. அதை மென்பொருளாகப் படிக்க ஸ்டீஃபன்சன் அதிகம் வளைக்க வேண்டியிருக்கவில்லை.

நம்ஷுப் என்றால் சுமேரிய மொழியில் மந்திரம். நாவல் எடுத்தாளும் மந்திரம் ‘என்மெர்காரும் அரட்டாவின் தலைவனும்’ என்ற, அறுநூறுக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட கதைப்பாடலில் வருகிறது. உருக் நகர மன்னன் என்மெர்கார், மலைகளுக்கு அப்பால் உள்ள அரட்டாவிடம் பொன்னும் மணியும் கேட்டுத் தூதனை அனுப்புகிறான். அவன் சொல்ல வேண்டிய செய்தியின் பகுதியாக இந்த மந்திரம் அமைகிறது: பாம்பும் தேளும் அச்சமும் இல்லாத காலம், எல்லா நாட்டாரும் ஒரே மொழியில் என்லில் தெய்வத்தைப் போற்றுவார்கள், எங்கி அவர்கள் வாயிலுள்ள பேச்சை மாற்றுவார். இந்தப் பகுதியை உலகறியச் செய்தவர் சுமேரியவியல் அறிஞர் சாமுவேல் நோவா கிராமர். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பலகைத் துண்டு ஒன்றின் உதவியால் விடுபட்ட வரிகளை நிரப்பி, இது பாபேல் கதையின் சுமேரிய வடிவம் என்று 1968இல் எழுதினார். ஸ்டீஃபன்சன் சார்ந்து நிற்பது இந்த வாசிப்பையே. ஆனால் பிந்தைய அறிஞர்கள் சிலர், இது நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை, வரப்போவதைச் சொல்கிறது என்கிறார்கள். அவர்கள் வாசிப்பின்படி எங்கி மொழிகளைப் பிரிக்கவில்லை. பல மொழிகளை ஒன்றாக்கப் போகிறார். அது சரியென்றால் நாவலின் மையக் கருத்து அப்படியே தலைகீழாகிவிடும்.

இந்தக் கதையின் இன்னொரு நிகழ்ச்சியை ஸ்டீஃபன்சன் பயன்படுத்தியிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். செய்தி மிக நீண்டுபோய்த் தூதனால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் போகிறது; என்மெர்கார் களிமண்ணைப் பிசைந்து அதில் சொற்களைப் பதிக்கிறான். எழுத்து பிறந்த கதையாகச் சுமேரியர் சொன்னது இதைத்தான். மனித நினைவு தாங்காத தகவலுக்கு வெளியே ஒரு சேமிப்பகம் வேண்டியிருந்தது என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

மந்திரங்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. பேயோ நோயோ ஒருவனைப் பிடிக்கும். அசல்லுஹி என்ற தெய்வம் அதைக் கண்டு தன் தந்தை எங்கியிடம் ஓடுவார். எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியுமே என்று சொல்லிவிட்டு எங்கி செய்முறையைப் படிப்படியாகக் கூறுவார். இந்த அச்சு மாறாமல் ஏராளமான மந்திரங்கள் கிடைத்திருக்கின்றன. நிரலாளர்கள் இதைத் தங்கள் வேலையாகவே அடையாளம் காண்பார்கள்.

இனி நாவல் வழுக்கும் இடங்கள். அது வைரஸுக்குச் சூட்டும் பெயர் அஷேரா. அவள் சுமேரியாவின் தெய்வம் அல்லள், மத்தியதரைக் கடலோரத்து உகரிட், கானான் பகுதிகளின் தெய்வம். சுமேரிய மொழி ஒரே நாளில் அழிந்ததும் இல்லை. அக்காடிய மொழி அதனோடு பல நூற்றாண்டுகள் அருகருகே வழங்கியது. பேச்சு வழக்கு கி.மு. 2000ஐ ஒட்டித் தேய்ந்த பிறகும் கோயில்களிலும் எழுத்தர் பள்ளிகளிலும் அது இரண்டாயிரம் ஆண்டுகள் உயிரோடிருந்தது. மறந்துபோன மொழி என்பதைவிட, பிடிவாதமாகப் படித்துக் காப்பாற்றிய மொழி என்பதே பொருந்தும். அது மூளையில் தனிவகையாக இயங்கியதற்கும் ஆதாரம் கிடையாது. தமிழைப் போல ஒட்டுகளை அடுக்கிச் சொல் அமைக்கும் மொழி அது. இதை வைத்துத் தமிழோடும் வேறு மொழிகளோடும் அதை உறவாக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். மொழியியலாளர்கள் அவற்றை ஏற்கவில்லை. தனித்து நிற்கும் மொழி என்றே அதை வகைப்படுத்துகிறார்கள்.

பழங்கால மனிதர்கள் தன்னுணர்வு இன்றி, தலைக்குள் ஒலித்த தெய்வக் குரல்களுக்குப் பணிந்து நடந்தார்கள் என்று 1976இல் வாதிட்ட ஜூலியன் ஜெய்ன்ஸின் நூலும் ஸ்டீஃபன்சனுக்கு உரமிட்டது. அந்தக் கோட்பாடும் பெரும்பாலான ஆய்வாளர்களின் ஒப்புதலைப் பெறவில்லை. எனவே ‘ஸ்னோ கிராஷ்’ வரலாறு கற்க ஏற்ற நூல் அல்ல. அதன் நூலகர் பாத்திரம் பக்கம் பக்கமாக நடத்தும் பாடங்கள் கதையின் வேகத்தையும் குறைக்கின்றன. ஆனால் நாவல், பேச்சைப் பிடித்தவன் மக்களைப் பிடிப்பான் என்ற அச்சத்தை ஒரு கேபிள் முதலாளியின் உருவில், இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே எழுதிவிட்டது.

நாவலைப் படிக்கிறவர்கள் மூலக் கதைகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சுமார் நானூறு சுமேரிய இலக்கியங்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. என்மெர்காரின் தூதனும் இனன்னாவின் படகும் அங்கே கிடைக்கும்.